பகைவர் பெட்டகத்தில் நம் மடல்கள்

ஒரு மனிதர் தம் வாழ்நாளில் எழுதிய மடல்களும் பிறரிடமிருந்து பெற்ற மடல்களும் அவர் மறைவுக்குப் பின் எவர் கையில் சேர்கின்றனவோ, அவரே அம்மனிதரைப் பற்றி உலகுக்கு முதற்சொல் உரைக்கும் உரிமையைப் பெறுகிறார். உற்றார் கையில் சேர்ந்தால் அவை வாழ்க்கை வரலாறாகும். நாட்டின் கையில் சேர்ந்தால் அரசியல் மரபாகும். பகைவர் கையில் சேர்ந்தால் குற்றப்பதிவாகவே எஞ்சும். ஆகவே தன் முன்னோரின் ஏடுகளைத் தேடித் தொகுத்துப் பேணுவது, கற்றோர் சிலர் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு அன்று. தன்னைப் பற்றித் தானே பேச விரும்பும் எந்தச் சமூகமும் தவிர்க்க இயலாத கடமை அது.

இக்கடமையை நன்கு உணர்ந்து நிறைவேற்றிய நாடுகளுள் அமெரிக்கா ஒன்று. விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கழியும் முன்னரே, 1791-இல், மாசச்சூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் தோன்றி நாட்டின் ஏடுகளைச் சேர்க்கத் தொடங்கியது. விடுதலைப் போரில் வாஷிங்டனின் படைக்குத் தளவாடத் தலைவராக இருந்து, பின்னர்ப் போர்த்துறை அமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் மேலவை உறுப்பினராகவும் விளங்கிய திமோத்தி பிக்கரிங் என்பவரின் மடல்களும் குறிப்புகளும் அக்கழகத்தின் காப்பில் உள்ளன. அவருடைய மகன் தொடங்கிய வாழ்க்கை வரலாறு நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. பிக்கரிங் முதல் வரிசைத் தலைவர் அல்லர். தம் காலத்தில் பலரால் வெறுக்கப்பட்டவரும்கூட. ஆயினும் அவருடைய மடல்கள் அழியவில்லை. வாஷிங்டன், ஜெபர்சன், ஆடம்ஸ் முதலிய ஏழு தலைவர்களின் ஏடுகளோ, 1,80,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில், 2013 முதல் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தின் வழியே எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன.

அந்த வரலாற்றுக்கும் திண்டுக்கல் சமவெளிக்கும் தொடர்பு இல்லை என்று எண்ணிவிடலாகாது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த படையின் தலைவரான காரன்வாலிஸ் பிரபுவே, ஐந்தாண்டுகள் கழித்துக் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை ஆளுநராக இந்தியாவுக்கு வந்தார். 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின் மூலம் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமையைக் கும்பினிக்குப் பெற்றுத் தந்தவரும் அவரே. அமெரிக்காவில் இழந்த கை இங்கே கைப்பற்றியது. அக்கையை அங்கே எதிர்த்தவர்களின் ஒவ்வொரு துண்டுத் தாளும் இன்று போற்றிக் காக்கப்படுகிறது. இங்கே எதிர்த்தவர்களின் ஏடுகள் என்ன ஆயின என்று கேட்க நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

இங்கே எதிர்த்தவர்களுள் தலையாயவர் விருப்பாச்சிப் பாளையத்தின் கோபால நாயக்கர். பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், இன்றைய ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் உள்ள விருப்பாச்சி, மலையையும் சமவெளியையும் ஒருங்கே நோக்கும் இடத்தில் அமைந்தது. கிழக்கே, மதுரை நாயக்கர் காலத்தில் கோட்டை எழுப்பப்பெற்ற திண்டுக்கல் மலை. 1755-இல் ஐதர் அலி மைசூர் அரசின் பௌசுதாராக அமர்ந்து தம் படை வலிமையைத் திரட்டத் தொடங்கிய இடம் அது. மதுரைக்கும் மைசூருக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே நின்ற இச்சமவெளியை எவர் பெறுகிறாரோ அவர் தென்னாட்டின் கதவைப் பெற்றவராகக் கருதப்பட்டார். அதனாலேயே கும்பினிப் படை 1767, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் இக்கோட்டையைத் தேடி வந்தது.

கோபால நாயக்கரின் பொதுவாழ்வு அடைக்கலம் தருவதில் தொடங்குகிறது. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைப் போரில் இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், தம் மகளோடும் அமைச்சர் தாண்டவராய பிள்ளையோடும் விருப்பாச்சியை நாடி வந்தார். ஆற்காட்டு நவாபும் கும்பினியும் தேடிக்கொண்டிருந்த ஓர் அரசிக்கு இடமளிப்பது எத்தகைய இடரை வருவிக்கும் என்பதை அறிந்தே கோபால நாயக்கர் இடமளித்தார். அவ்வாண்டு டிசம்பரில் தாண்டவராய பிள்ளை, அரசியின் பொருட்டு ஐதர் அலிக்கு மடல் எழுதி, 5,000 குதிரை வீரரும் 5,000 காலாட்படையினரும் வேண்டினார். அந்த ஒரு மடலும் அதனைத் தொடர்ந்த முயற்சிகளும் பழுத்துப் பயன் தர எட்டு ஆண்டுகள் ஆயின. 1780-இல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார்.

அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்து, கோபால நாயக்கர் தம் வாழ்வின் பெரும் பணியைத் தொடங்கினார். 1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தனித்தனியே நின்றவர்கள் தனித்தனியே அழிவதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஐயத்துக்கு இடமின்றி உணர்த்தின. மணப்பாறை இலட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூசை நாயக்கர் ஆகியோருடன் சேர்ந்து கோபால நாயக்கர் அமைத்திருந்த திண்டுக்கல் கூட்டமைப்பு, சிவகங்கையின் மருதுபாண்டியரோடும் மலபாரின் கேரளவர்மரோடும் மைசூர்ப் பகுதியின் கிருஷ்ணப்ப நாயக்கரோடும் மராத்திய மரபினரான தூந்தாசி வாகோடும் கைகோத்தது. 1800 ஏப்ரலில் விருப்பாச்சியில் கூடியவர்கள், சூன் மாதத்தில் கோயம்புத்தூரில் கும்பினிக்கு எதிராக எழுவது என்று முடிவு செய்தனர்.

எழுச்சி வென்றதா என்பது வரலாறு அறிந்ததே. கோயம்புத்தூர் முயற்சி முறியடிக்கப்பட்டு, ஈடுபட்டவர்கள் பலர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பர் 10-ஆம் நாள் தூந்தாசி வாகு, ஆர்தர் வெல்லெஸ்லியின் படையால் கொல்லப்பட்டார். 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையோடு சேர்ந்து போர் மீண்டும் மூண்டபோது, ஆனைமலைப் பகுதியின் உழவர்கள் கோபால நாயக்கருக்குத் துணை நின்றனர். ஆயினும் அவர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். செப்டம்பர் 5-ஆம் நாள் அவருடைய நினைவு நாளாகப் போற்றப்படுகிறது. திண்டுக்கல் நகரின் கோபாலசமுத்திரக் குளத்தை மக்கள் அவர் பெயரோடு சேர்த்தே நினைவிற் கொண்டுள்ளனர். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் ஊமைத்துரையின் உயிரும் பறிக்கப்பட்டது.

இப்போராட்டத்தின் தன்மையை ஆழ்ந்து நோக்குவோர் ஓர் உண்மையை உணர்வர். அது வாளால் நடந்த போராக இருந்ததற்கு முன், மடலால் நடந்த அரசியலாக இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிராத தலைவர்கள், தமிழும் கன்னடமும் மலையாளமும் மராத்தியும் வழங்கும் நிலங்களில் சிதறிக் கிடந்தவர்கள், ஒரே மாதத்தில் ஒரே நோக்கோடு எழ வேண்டுமென்றால், அதற்கு நம்பத்தக்க தூதரும் நம்பத்தக்க மடலும் வேண்டும். எவரை அணுகுவது, எவரை ஐயுறுவது, எதற்கு இணங்குவது, எதை மறுப்பது என்னும் முடிவுகள் அம்மடல்களிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கோபால நாயக்கரை அறிய விரும்புவோர் அவருடைய வாளைத் தேடுவதைக் காட்டிலும் அவருடைய மடல்களைத் தேடுவதே முறை.

அந்த அரசியலின் தடங்கள் இன்று எங்கே உள்ளன? பெரும்பாலும் அவரைத் தூக்கிலிட்டவர்களின் கோப்புகளில். கும்பினி எதையும் எழுதிவைத்து ஆண்ட அரசு. திண்டுக்கல் சீமையின் ஆட்சியராக இருந்த ஹர்டிஸ் போன்றவர்கள் எழுதிய அறிக்கைகளும், கைப்பற்றிய மடல்களின் பெயர்ப்புகளும், பிடிபட்டவர்களிடமிருந்து பெற்ற வாக்குமூலங்களும் சென்னைக்குச் சென்றன. அங்கே ஆளுநர் அவையின் கலந்தாய்வுப் பேரேடுகளில் படியெடுத்துச் சேர்க்கப்பட்டன. அப்பேரேடுகளின் படி ஒன்று கப்பலேறி இலண்டனுக்குப் போயிற்று. சென்னையில் தங்கியவை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இலண்டன் சென்றவை பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. குற்றத்தை மெய்ப்பிக்கவும் வரியை உறுதிப்படுத்தவும் பகைவர் காத்தவையே இன்று நமக்கு முதன்மையான சான்றுகள் என்பது, அவர்களுடைய ஒழுங்கைப் பற்றிச் சொல்வதைவிட நம்முடைய அசட்டையைப் பற்றி மிகுதியாகச் சொல்கிறது.

ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். தூந்தாசி வாகைத் துரத்திச் சென்ற வெல்லெஸ்லி, பின்னர் வெலிங்டன் பிரபுவாகி, தம் மடல்கள் 1834 முதல் தொகுதி தொகுதியாக அச்சேறுவதைக் கண்ணாரக் கண்டார். பாளையக்காரர் மீது படை நடத்தியவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளை 1830-இல் வெளியிட்டார். அவற்றுள் சின்ன மருதுவிடம் ஈட்டியெறியவும் வளரி வீசவும் கற்றதை அவரே நன்றியோடு எழுதினார். அதே ஆண்டில் கும்பினி அதிகாரியான தாமஸ் மன்றோவின் வாழ்வும் மடல்களும் நூலாயின. துரத்தியவர்களின் சொற்கள் அனைத்தும் அச்சில் உள்ளன. துரத்தப்பட்டவர்களின் சொற்களோ, துரத்தியவர்களின் கட்டுகளுக்கு நடுவே, பெரும்பாலும் அவர்கள் மொழியிலேயே கிடக்கின்றன. 1801 சூன் 16-ஆம் நாள் திருச்சிக் கோட்டையிலும் சீரங்கத்திலும் ஒட்டப்பட்ட மருதுபாண்டியரின் அறிவிப்பைக்கூட, ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்தே நாம் படித்து வருகிறோம்.

இந்தக் கோப்புகளுள் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து, சிதறிக் கிடந்த செய்திகளைக் கோத்து, இது தனித்தனிக் கலகங்களின் குவியல் அன்று, தென்னிந்தியா முழுவதும் தழுவிய ஒரே எழுச்சி என்று நிறுவியவர் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் கே. இராசய்யன். 1971-இல் வெளிவந்த அவருடைய நூலே இன்று பாடநூல்களும் மேடைகளும் எடுத்தாளும் செய்திகளுக்குப் பெரும்பாலும் ஊற்றுக்கண். அந்த உழைப்புக்குத் தமிழகம் பட்டுள்ள கடன் பெரிது. ஆனால் ஒரு தனிமனிதரின் நூல் ஒரு நாட்டின் ஆவணத் தொகுப்புக்கு ஈடாகாது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர் கண்ட மூலங்களைக் காண விரும்பும் மாணவர் ஒருவர், அவர் நடந்த அதே வழியை முதலிலிருந்து நடக்க வேண்டியிருப்பது, நாம் அவருக்குச் செய்யத் தவறிய கைம்மாறாகும்.

விருப்பாச்சியில் தமிழக அரசு கோபால நாயக்கருக்கு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. அது செய்யத்தக்க செயலே. அதனைக் குறை கூறுவது நம் கருத்தன்று. எனினும், ஆவணமின்றி நினைவுச் சின்னம் மட்டும் எழுப்புவது, பத்திரம் இல்லாத நிலத்துக்கு வேலி மட்டும் அடைப்பது போன்றது. வேலி பழுதாகும் நாளில் உரிமையைக் காட்ட ஒன்றும் எஞ்சாது. சிலைக்கு மாலை அணிவிக்க ஆண்டில் ஒரு நாள் போதும். அந்த மனிதர் என்ன எண்ணினார், எவரோடு பேசினார், எங்கே பிழைபட்டார் என்பதை அறிய ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் நூல் வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது இது: கோபால நாயக்கர் குறித்தும் திண்டுக்கல் கூட்டமைப்பு குறித்தும் சென்னையிலும் இலண்டனிலும் உள்ள ஆவணங்கள் அனைத்தையும் தேடித் தொகுத்து, மூலத்தை மூலமாகவும், ஆங்கிலத்தில் உள்ளவற்றை நல்ல தமிழில் பெயர்த்தும், ஆள், இடம், நாள் பற்றிய குறிப்புகளோடு அரசு வெளியிட வேண்டும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் கும்பினியின் நில அளவையாளர் மெக்கன்சியின் முயற்சியால் சேர்ந்த பாளையக்காரர் வமிசாவளிகளையும் அத்தொகுப்பில் இணைக்க வேண்டும். ஏனெனில் பகைவரின் கோப்புக்கு மறுமொழி கூறத்தக்க உள்நாட்டுக் குரல் ஓரளவேனும் அங்கேதான் ஒலிக்கிறது. சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமப் பல்கலைக்கழகமும் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் இம்மாவட்டத்திலேயே இருக்கின்றன. தம் வாயிலுக்கு எதிரே உள்ள மலையின் வரலாற்றை ஆராய்வதை விட இந்நிறுவனங்களுக்கு உரிய பணி வேறென்ன இருக்க முடியும்?

செலவைக் காட்டி மறுப்போர் இருக்கலாம். அவர்களுக்கு ஆனந்தரங்க பிள்ளையின் நாட்குறிப்பை நினைவூட்டுவோம். 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஒரு தமிழர் தமிழில் எழுதிய அந்நூலை, சென்னையின் ஆங்கில அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியதோ அதற்கும் பிறகே. அயலவர் அரசு கால் நூற்றாண்டு பொறுமையோடு செய்து முடித்த பணியைப் போன்ற ஒன்றை, தமிழர் தம் வாக்கால் அமைத்த அரசு செலவு மிகுதி என்று ஒதுக்குமாயின், அக்கணக்கை வருங்காலம் ஏற்காது.

இப்பணியை ஏற்போருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாஷிங்டனின் எழுத்துகளை 1830-களில் 12 தொகுதிகளாக வெளியிட்ட ஜாரெட் ஸ்பார்க்ஸ், தலைவரின் மதிப்புக்குக் குறைவு என்று தாம் கருதிய சொற்களைத் திருத்தினார். வேண்டாத தாள் என்று எண்ணியவற்றைத் துண்டு துண்டாக்கிக் கையெழுத்து விரும்பிய நண்பர்களுக்கு வழங்கினார். பக்தியால் செய்த அச்செயல் பின்னர்க் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அடுத்த நூற்றாண்டில் அறிஞர்கள் மூலத்திலிருந்து பணியைப் புதிதாகத் தொடங்க நேர்ந்தது. கோபால நாயக்கரின் ஆவணங்களிலும் நம் விருப்பத்துக்கு மாறான செய்திகள் இருக்கக்கூடும். அண்டைப் பாளையத்தோடு கொண்ட பூசலோ, கும்பினியோடு ஒரு காலத்தில் நடத்திய பேச்சோ, கட்டிய கப்பமோ அங்கே காணப்படலாம். அவற்றை மறைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. இணங்க வழியிருந்தும் இணங்காத முடிவுக்கு ஒருவர் எவ்வாறு வந்தார் என்பதைக் காட்டுவதே அவருடைய பெருமையைக் காட்டுவதாகும். அவ்வாறே, பகைவர் எழுதியதை அப்படியே ஏற்பதும் தவறு. கலகக்காரர் என்று அவர்கள் எழுதிய இடத்தில் நிற்பவர் யார் என்று கேட்டறிவதே பதிப்பாசிரியரின் தொழில்.

இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாளையக்காரர் ஒவ்வொருவரையும் இன்ன குலத்தவர் என்று பிரித்து, அவரவர் விழாவை அவரவர் கொண்டாடும் வழக்கம் தமிழகத்தில் வேரூன்றி வருகிறது. தெலுங்கு மரபில் வந்த பாளையக்காரர் ஒருவர் மறவர் குல அரசிக்கு அடைக்கலம் தந்து, இசுலாமிய அரசரின் துணையை நாடி, மலபாரோடும் மராத்தியரோடும் உறவு கொண்டு உருவாக்கிய கூட்டமைப்பை, ஒரு குலத்தின் சொத்தாகச் சுருக்குவது அவருடைய வாழ்நாட் பணியையே மறுப்பதாகும். ஆவணங்கள் வெளிவருமாயின் இச்சுருக்கம் நிலைக்காது. அம்மடல்கள் எவர் எவருக்கு எழுதப்பட்டன என்பதே அதற்குப் போதிய மறுப்பு.

அரசுக்கு மட்டுமே கடமை உண்டு என்று நாம் கூறவில்லை. பழைய பாளையப்பட்டு வழியினரின் இல்லங்களிலும் ஊர்ப் பொதுக் கோயில்களிலும் ஓலைகளும் செப்பேடுகளும் இன்னும் இருக்குமாயின், அவற்றைப் படம் எடுக்கவும் படியெடுக்கவும் இசைவது அவற்றை இழப்பதாகாது. பரணில் கிடக்கும் ஓலையைச் செல்லரிப்பது, கும்பினியின் படை செய்து முடிக்காததைச் செய்து முடிப்பதாகும். பள்ளி ஆசிரியர்களும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் இதில் துணை நின்றால், அரசாணைக்குக் காத்திராமல் பணியின் முதற்பகுதி தொடங்கிவிடும்.

காலம் தாழ்ந்தால் விளைவது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சான்று இல்லாத இடத்தில் கற்பனை குடியேறும். கற்பனைக்கு எதிர்க்கற்பனை எழும். இறுதியில், அப்படி ஒருவர் இருந்தாரா என்று ஏளனம் செய்வோருக்கும் இடம் கிடைக்கும். ஏற்கெனவே திரைப்படங்களும் மேடைப் பேச்சுகளும் ஆண்டுகளை மாற்றியும் ஆட்களைக் குழப்பியும் பரப்பியவற்றைத் திருத்த ஆசிரியர்கள் அல்லற்படுகின்றனர். உண்மையே போதிய சிறப்புடையதாக இருக்கும்போது, அதனை எடுத்து வைக்கச் சோம்பிப் பொய்க்கு வழிவிடுவது அறிவுடையோர் செயலாகாது.

விருப்பாச்சியிலிருந்து சென்ற தூதர்கள், பிடிபட்டால் உயிர் போகும் என்று அறிந்தே அம்மடல்களைச் சுமந்தனர். அவற்றுள் எஞ்சியவற்றை எழும்பூரிலிருந்து திண்டுக்கல்லுக்குக் கொண்டுவர நமக்கு எந்த இடரும் இல்லை. வேண்டுவது ஓர் அரசாணை, தகுதி வாய்ந்த ஒரு பதிப்புக் குழு, சில ஆண்டுகள் முறையான உழைப்பு ஆகிய மூன்றே. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குரிய ஒதுக்கீட்டைச் செய்யுமாறு அரசையும், அது செய்யப்படும் வரை கேட்டுக்கொண்டே இருக்குமாறு திண்டுக்கல் மாவட்ட மக்களையும் அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களையும் வலியுறுத்துகிறோம்.